நீந்தாத விந்தணு

என் மருமகள் வயிற்றில் இருந்த குழந்தையைக் கொன்றவன் நான். படித்த திமிரில் செய்தேன்.

ஓய்வு பெறும்வரை விலங்கியல் கற்பித்தவன். மகனுக்குக் குழந்தை இல்லையென்று சேலத்தில் பரிசோதித்தபோது, அவனே வந்து சொன்னான்: விந்தணுக்களுக்கு உயிர் இருக்கிறது; வால் மட்டும் குட்டையாகச் சுருண்டு கிடக்கிறது, நீந்தாது. "பொட்டையப் பெத்துட்டேன்" என்று அவன் மனைவி காதுபடச் சொன்னேன். அதன்பின் இருவரும் என்னிடம் எதையும் சொல்வதில்லை.

காப்பி காயவைக்கும் நாளில், மலைமேல் எங்கள் கரடியூர்க் களத்தில் மருமகள் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். பழம் பறிக்கும் பெண்கள் சிரித்தார்கள். "ஏனுங்க சார், பேரன் வந்தாச்சாட்ட இருக்குதுங்க!" என்றாள் ஒருத்தி.

நீந்தாத விந்தணு முட்டையைச் சேராது. நானே வகுப்பில் சொன்ன பாடம்.

"யாருதுடி?"

"உங்க பையனோடதுதானுங்க மாமா."

"எனக்கே பாடம் நடத்தறியா?"

காப்பி தள்ளும் பலகையைப் பிடுங்கி இடுப்பில் அடித்தேன். விழுந்தவளை வயிற்றிலேயே உதைத்தேன். பெண்கள் என் கைகளைப் பிடித்துத் தொங்கியும் கால்கள் நிற்கவில்லை. காய்ந்த கொட்டையில் ரத்தம் பரவியது.

சேதி கேட்டு ஓடிவந்த மகன் அவளை ஜீப்பில் ஏற்றினான்; நானும் ஏறிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது சொன்னான்: "டாக்டர் என்னுதுல ஒண்ண எடுத்து, ஊசியால முட்டைக்குள்ளயே வெச்சாருங்கப்பா. அதுக்கு எதுக்குங்க வாலு?"

குழந்தை தங்கவில்லை. வழுக்கி விழுந்ததாக மருமகள் ஆஸ்பத்திரியில் சொன்னாள்.

பிறகு மரபணுச் சோதனைக்கு எங்கள் ரத்தமும் எடுத்தார்கள். ஒரே பழுது என்னிடம் ஒரு பங்கு, என் மனைவியிடம் ஒரு பங்கு. இரண்டும் மகனிடம் சேர்ந்துவிட்டன. சொந்தத்தில் கட்டாதீர்கள் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே அக்காள் மகளைக் கட்டியவன் நான்.

அதே களத்தில் அதே பெண்களைக் கூட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். பழுது என் ரத்தத்தில், அவள்மேல் தப்பில்லை, கொன்றது நான் என்றேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். மகனின் குறை பக்கத்து ஊரான வெள்ளக்கடை வரை பரவியது. பஸ்ஸில் ஒருவன், "வாலு முளைச்சுதா மாப்ள?" என்று கேட்க, மகன் அவன் பல்லை உடைத்தான். அந்த வாரமே இருவரும் சேலத்துக்குக் குடிபோனார்கள்.

மறுபடி ஊசி வைத்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன்.

"பாருங்க மாமா. தொட வேண்டாங்க."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்கும் தொட்டிலுக்கும் நடுவில் நின்ற மருமகள், நான் கிளம்பும்வரை என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.