குறுக்கே போன எங்கள் வீட்டுப் பூனை

என் கணவர் இறந்த நாளன்று காலையில் எங்கள் வீட்டுப் பூனை அவருக்குக் குறுக்கே போனது. நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். எதிர் வீட்டுக்காரி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பார்த்தோம்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அவர் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். கடுக்காய், தேன், நெல்லி வற்றல் வாங்குவதற்காக மாதம் ஒருமுறை கல்வராயன் மலைக்குப் போவார். கச்சிராயபாளையம் வரை டவுன் பஸ், அங்கிருந்து கரியாலூருக்கு ஜீப். அன்றும் அப்படித்தான் தோளில் பையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். பூனை மதிலிலிருந்து குதித்து, அவர் காலுக்கு முன்னால் ஓடி, நின்றிருந்த மாட்டு வண்டிக்கு அடியில் புகுந்தது.

எதிர் வீட்டுக்காரி நிமிர்ந்து, “பாய், பூன குறுக்க போச்சு. உள்ள போய் கொஞ்ச நேரம் குந்திட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு போங்க” என்றாள்.

“நம்ம வூட்டுப் பூனதானம்மா. வழியனுப்ப வந்திருக்கு” என்று சிரித்துக்கொண்டே போனார்.

பிற்பகலில் மலையில் மழை. கரியாலூருக்குக் கீழே ஒரு வளைவில் ஜீப் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. கூட இருந்தவர்கள் கை கால் முறிந்து பிழைத்தார்கள். இவர் பிழைக்கவில்லை. மறுநாள் மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்துவிட்டது. நான் அழவில்லை. வந்த பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பூனையைக் குட்டியாகக் கொண்டுவந்தவர் அவர்தான். கடையில் எலி மூட்டைகளைக் கடித்து நாசம் செய்துகொண்டிருந்தது. பகலில் கடையிலும் பொழுது சாய்ந்தால் வீட்டிலுமாக அது வளர்ந்தது. பூனை வாய் வைத்த தண்ணீரில் தொழுகைக்குக் கை கால் கழுவி உளூ செய்யலாம், அது அசுத்தமான பிராணி இல்லை என்று பள்ளிவாசலில் கேட்டுவந்து சொன்னார். அதிலிருந்து என் நாத்தனாரும் அதை விரட்டுவதில்லை. நாத்தனார் என்றால் அவருடைய அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தார். மீன் வாங்கும் நாளில் தலையைப் பூனைக்கென்று எடுத்து வைப்பது அவர்தான்.

கடைக்குப் புனுகு கேட்டு வருகிறவர்கள், கல்லாப்பெட்டி மேல் படுத்திருக்கும் பூனையைக் காட்டி, இதுகிட்டதான் எடுக்கிறீங்களா பாய் என்று கேலி செய்வார்கள். இதுகிட்ட எடுத்தால் பால் வாடைதான் வரும் என்பார் அவர். பூனையைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு வந்து சொல்வார். மிசிர் என்கிற எகிப்து தேசத்தில் முன்காலத்தில் வீட்டுப் பூனை செத்துப்போனால் வீட்டிலிருப்பவர்கள் எல்லாரும் புருவத்தைச் சிரைத்துக்கொண்டு துக்கம் காப்பார்களாம். உன் புருவத்துக்கு அது சரிப்பட்டு வராது என்று சிரித்தார். நான் இத்தா இருந்தபோது, அதாவது கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் அந்த மாதங்களில், அது ஒருநாள் நினைவுக்கு வந்தது. விரலால் புருவத்தைத் தடவிப் பார்த்தேன். இருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த மாதங்களில் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் பூனையைத்தான் பேசினார்கள். எதிர் வீட்டுக்காரி தெருக்குழாயில் யாரிடமோ சொல்ல, அது ஊர் சுற்றிவிட்டது. எங்கள் சமூகத்தில் சகுனம் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டே, ஆனாலும் என்று ஆரம்பிப்பார்கள். களமருதூரிலிருந்து வந்த ஒரு உறவுக்காரம்மா, சாக்கில் கட்டி கச்சிராயபாளையம் அணைக்கு அந்தப் பக்கம் விட்டுவிடச் சொன்னார். அவரோடு வந்த இன்னொருத்தி, பூனைக்குக் கெடுதல் செய்தால் பொன்னால் ஒரு பூனை செய்து தானம் கொடுத்தாலும் பாவம் தீராது என்று தெரிந்தவர்கள் சொல்லிக் கேட்டதாகச் சொன்னாள். எல்லாம் காதில் விழுந்தது. டீ கொடுத்தால் குடித்தேன். தட்டு வைத்தால் சாப்பிட்டேன். நாத்தனார் பூனையைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மீன் தலை குப்பைக்குப் போனது.

பூனை அப்போது சினையாக இருந்தது. என் கட்டிலுக்கு அடியில் மூன்று குட்டி போட்டது. ஒரு வாரம் போல இருந்திருக்கும், குட்டிகளைக் காணவில்லை. கண் திறப்பதற்குள் ஏழு வீடு மாற்றும் என்பார்கள். எங்கள் பூனை முதலில் மாற்றிய வீடு எதிர் வீடு.

எதிர் வீட்டுக்காரி மறுநாள் வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். துக்கத்துக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போனவள், அதன் பிறகு எங்கள் வாசல் மிதிக்காமல் இருந்தாள். அவளுடைய கணவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர்.

“உங்க பூன எங்க வூட்டு வெறகு மேல குட்டிய வச்சிக்கினு கீது. அவரு வேலைக்கு கெளம்பும்போது குறுக்கயும் நெடுக்கயும் போவுது. தூக்கிப் போட்டா பாவம். வச்சிக்கினா பயமா கீது” என்றாள்.

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கக் கூடாதுமா. நான் சொல்லப்போயிதான் இன்னிக்கு ஊரே பேசுது.”

“நீ தெனமும்தான சொல்லுவ” என்றேன்.

அவளுக்கு ஆறுதல் சொல்ல நினைத்து நான் அதைச் சொல்லவில்லை. கடைச் சாவி ஆணியில் இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னேன். ஆனால் அது உண்மை. அந்தப் பூனையின் இடமே எங்கள் வாசல்தான். அவர் தினமும் கடைக்குக் கிளம்பும் நேரம் அதுவும் கிளம்பும். பாதி நாள் குறுக்கேதான் ஓடும். இவளும் கோலம் போட்டுக்கொண்டே தண்ணி குடிச்சிட்டு போங்க பாய் என்பாள். அவர் சிரித்துவிட்டுப் போவார். பொழுது சாய்ந்தால் திரும்பி வருவார். அந்த நாட்களைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை.

எதிர் வீட்டுக்காரி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “ஆமா. தெனமும்தான் சொன்னேன்” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சமையல்கட்டிலிருந்து நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முறத்தை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தபோது முறத்தில் மூன்று குட்டிகள், பின்னாலேயே கத்திக்கொண்டு தாய். கட்டிலுக்கு அடியில் பழைய துணி விரித்து வைத்தார்.

இத்தா முடிந்ததும் நான் கடையைத் திறந்தேன். சரக்கு தீர்ந்திருந்தது. நாத்தனாருக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது, ஏறினாலே வாந்தி. அதனால் நானே மலைக்குப் போனேன். அதற்குள் கரியாலூருக்குப் பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. எந்த வளைவு என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்டதில்லை. எல்லா வளைவும் ஒன்று போலவே இருந்தன. பஸ் ஒவ்வொன்றாகக் கடந்து போனது.

அவர் வழக்கமாகச் சரக்கு வாங்கும் பெண்ணின் வீட்டை விசாரித்துப் போனேன். மிளகு பறிக்க வெளியூர் போயிருந்தவள், அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தாள். யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, “பாய் வர்லியா?” என்று கேட்டாள்.

“அவரு மௌத்தாயிட்டாரு” என்றேன்.

அவளுக்கு அந்தச் சொல் புரியவில்லை. “இன்னாது?” என்றாள்.

“செத்துட்டாரு.”

அதுவரை அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் உள்ளே போய் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து வைத்தாள். கடுக்காய் பார்த்தேன், நெல்லி வற்றல் பார்த்தேன். மூன்றாவது மூட்டையிலும் அதே போல் இரண்டு கையையும் விட்டு அள்ளினேன்.

“ஐயோ, கை வைக்காதம்மா, பூனக்காலி” என்று அவள் எழுந்து ஓடி வந்தாள்.

பூனைக்காலி விதையைக் கடையில் பார்த்திருக்கிறேனே தவிர, காயைப் பார்த்ததில்லை. பூனையின் பாதம் போல வளைந்து, மேலெல்லாம் பழுப்பு நிறத்தில் மெல்லிய முடி. தொட்டால் அந்தச் சுணை தோலில் ஏறிக்கொள்ளும். அவள் அடுப்புச் சாம்பலை அள்ளி என் கைகளில் தேய்த்தாள். அதற்குள் முழங்கை வரை ஏறிவிட்டது. பஸ்ஸில் சொறிந்துகொண்டே வந்தேன். சொறியச் சொறிய எரிந்தது. கச்சிராயபாளையம் வருவதற்குள் கண்ணீர் வழிந்து முக்காடு நனைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னவென்று கேட்டாள். கையைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் என் கைகளைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடித்துச் சிவந்திருந்தன. திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து உட்கார்ந்தார்.

“ரொம்ப எரியுதா?”

“எரியுதுக்கா” என்றேன்.

இரண்டு நாள் கையில் துணி சுற்றிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களுக்குச் சரக்கை நாத்தனார் நிறுத்துக் கொடுத்தார்.