அத்தை பாடாமல் விட்ட இரண்டு வரி

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, சாமி பாட்டு எழுதுகிறவர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிடாரை மடியில் வைத்துக்கொண்டு தானே பாடுவார். வேறு வாத்தியம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. இன்றைக்கு அவர் பாட்டைக் கைபேசியில் கேட்கிறவர்கள் வெளியூர்களிலும் இருக்கிறார்கள். மதுரை விளாங்குடியில் அவர் வீட்டு மாடிக்கே வந்து, இரண்டு பாட்டு கேட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அவர் முதன்முதலில் மேடையேறியது எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பொங்கல் திருவிழாவுக்குத்தான். அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவள் நான். எனக்கு ஒன்பது வயது. அந்தக் கச்சேரியைக் காப்பாற்றியதே நான்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் சோழவந்தானுக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். அத்தை மதுரையில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை பார்த்தார். விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், சர்ச்சில் வாசிக்கிற அறைத்தோழி ஒருத்தி அவருக்குக் கிடார் சொல்லிக்கொடுத்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குவார். கையில் ஒரு புதுப் பாட்டு இருக்கும். பரிசோதனை முடிவு எழுதுகிற தாளின் பின்பக்கத்தில் எழுதியிருப்பார். பஸ்ஸில் வரும்போது விளாங்குடியில் தொடங்கிய வரி பரவை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது என்பார்.

அத்தைக்கு அம்மன் மேல் அப்படியொரு நம்பிக்கை. ஆனால் கும்பிடும்போது கண்ணை மூட மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒருத்தர்கிட்ட பேசும்போது கண்ண மூடிக்கிட்டா பேசுவாக?" என்றார்.

அவர் பாட்டுகளும் பேச்சுத்தான். மற்றவர்கள் அம்மனைப் புகழ்ந்து பாடினார்கள். அத்தை அம்மனிடம் கேள்வி கேட்டார், சண்டை பிடித்தார், சில சமயம் சாப்பிட்டாயா என்றும் விசாரித்தார்.

அந்த வருடம் பொங்கலுக்கு, அம்மன் ஊர்வலம் வரும் சப்பரம் புறப்படுவதற்கு முன் அரைமணி நேரம் பாட அனுமதி கேட்டார். பெரியப்பாதான் கோயில் கமிட்டித் தலைவர். கிடாரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அம்மன் சன்னதியில இதெல்லாம் எதுக்கும்மா? இது வெள்ளக்காரன் வாத்தியம்ல?"

"மைக் செட்டு மட்டும் நம்ம ஊருல செஞ்சதாண்ணே?" என்றார் அத்தை.

பெரியப்பாவுக்குத் தங்கை மேல் பிரியம் அதிகம். சிரித்துவிட்டார். அனுமதி கிடைத்தது.

கடைசிப் பாட்டுக்குக் கூடவே பாட என்னைச் சேர்த்துக்கொண்டார். நாலு வாரம் மொட்டைமாடியில் பயிற்சி. என் குரலுக்கு ஏற்றபடி சுருதியைக் கூட்ட, கிடாரின் கழுத்தில் ஒரு இடுக்கியை மாட்டுவார். அது தலைக்கு மாட்டுகிற கிளிப் என்று நினைத்து நான் ஒருநாள் அதைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அதற்குக்கூட அவர் திட்டவில்லை. பாட்டில் ஒரு சொல் விழுங்கினால்தான் கோபம் வரும். முதல் இரண்டு சரணத்தில் நான் ஒவ்வொரு வரிக்கும் பின்பாட்டு. மூன்றாவது சரணத்தை இருவரும் சேர்ந்தே பாட வேண்டும். அதன் தொடக்கத்தில்தான் அந்த இரண்டு வரி வந்தது.

மந்தையோட திரும்பிப் போற தாயே - இந்தக்
கீழத்தெரு வாசலுக்கு வாரியா?

எங்கள் ஊர்ச் சப்பரம் மேலத்தெரு, நடுத்தெரு சுற்றி, ஊர்ப் பொதுத் திடலான மந்தை வரைக்கும் வந்து திரும்பிவிடும். மந்தைக்கு அந்தப்பக்கம் கீழத்தெரு. கொடிக்கால்களில் கூலிவேலை பார்த்தவர்களின் தெரு அது. அவர்கள் மந்தையின் ஓரத்தில் நின்று அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சப்பரம் ஏன் அங்கே போவதில்லை என்று கேட்டால், கரண்டு கம்பி தாழ்வாகப் போகிறது, சப்பரம் தட்டும் என்பார்கள். நானும் அதை நம்பினேன். அந்தத் தெருவுக்குக் கரண்டு வருவதற்கு முன்னாலும் சப்பரம் அங்கே போனதில்லை என்பது எனக்கு யாரும் சொல்லாத செய்தி.

பொங்கலுக்கு முதல்நாள் அத்தை அடுப்படியில் உட்கார்ந்து அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பெரியப்பா கேட்டிருக்கிறார். நான் அப்போது வெளியே விளையாடிக்கொண்டிருந்தேன். அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அந்தப் பேச்சை எனக்குச் சொன்னார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. அந்த ரெண்டு வரிய மட்டும் எடுத்துரு" என்றாராம் பெரியப்பா.

"எந்த ரெண்டு வரிண்ணே?"

"உனக்குத் தெரியும்."

"நீங்க சொல்லுங்க."

பெரியப்பா சொல்லவில்லை. அந்த வரியைத் தன் வாயால் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "நாளைக்கு அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி என்னைய தலகுனிய வச்சுராத" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு அத்தை, "சரிண்ணே. அம்மன் மேல சத்தியம். அந்த ரெண்டு வரிய நான் பாட மாட்டேன்" என்றாராம்.

மறுநாள் மத்தியானம் எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டபோது அத்தை கேட்டார்.

"பாட்டு மனப்பாடமா இருக்கா?"

"இருக்கு."

"முழுசும்?"

"முழுசும் இருக்கு அத்தை."

அவ்வளவுதான் பேச்சு. பின்னலை இறுக்கிக் கட்டிவிட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு, மந்தையைப் பார்த்தபடி கோயில் முன்னால் போட்டிருந்த மேடையில் ஏறினோம். முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள், நடுவில் பெரியப்பா. கூட்டத்துக்குப் பின்னால், மந்தையின் ஓரத்தில், கீழத்தெருக்காரர்கள் நின்றிருந்தார்கள். முதல் பாட்டுக்கு ஊர் கொஞ்சம் முறைத்தது. அத்தை கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது பாட்டில், திருவிழாவில் இத்தனை பேருக்குச் சோறு போடுகிறார்களே, உனக்கு யார் போட்டது என்று அவர் அம்மனிடம் கேட்டதும் பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. அதன்பிறகு கூட்டம் அவர் கைக்குள் வந்துவிட்டது.

கடைசிப் பாட்டு. மூன்றாவது சரணம். நான் மூச்சை இழுத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தேன். அவர் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாய் திறக்கவில்லை.

அத்தைக்கு வரி மறந்துவிட்டது என்று நினைத்தேன். போன வருடம் பள்ளி ஆண்டுவிழாவில் திருக்குறள் மறந்து நின்றவள் நான். அந்த அவமானம் எனக்குத் தெரியும். இத்தனை பேர் முன்னால் அத்தையை அப்படி நிற்கவிடுவதா? மைக்கை என் பக்கம் இழுத்தேன். இரண்டு வரியையும் ஒரு சொல் விழுங்காமல், தொண்டை கிழியப் பாடினேன்.

அத்தை கிடாரை நிறுத்தவில்லை. அந்தச் சரணத்தின் தொடக்கத்துக்கே திரும்பி வந்து வாசித்தார். இன்னொருமுறை பாடச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு இன்னொருமுறை பாடினேன். மந்தையின் ஓரத்திலிருந்து யாரோ கை தட்டினார்கள். அப்புறம் அந்தப்பக்கம் முழுவதும் தட்டியது. முன்வரிசையில் யாரும் தட்டவில்லை.

கீழே இறங்கியதும் பெரியப்பா வந்தார்.

"சத்தியம் பண்ணுனியே."

"நான் பாடலையேண்ணே" என்றார் அத்தை.

பெரியவர்கள் வீணாகச் சண்டை போடுகிறார்களே என்று நான் குறுக்கே போனேன். "அத்தைக்கு மறந்துபோச்சு பெரியப்பா. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

பெரியப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சப்பரம் அன்றும் மந்தையோடுதான் திரும்பியது.

மறுநாள் காலையில் அத்தை கிடாரை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனார். நான் அந்தத் தெருவுக்குள் போனது அதுதான் முதல் தடவை. ஒரு வீட்டில் கொடிக்கால் வேலைக்குப் போகிற ஒரு அம்மா, எங்களைக் கண்டதும் பாயை விரித்துவிட்டு நின்றுகொண்டார். அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு பாடினார். அங்கே அவர் எந்த வரியையும் விடவில்லை.

முடிந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்து, "நேத்து நீ பாடுனியே தாயி, அத மட்டும் இன்னொரு தடவ பாடேன்" என்றார்.

பாடினேன். பாதியிலேயே அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் ஓடியது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திரும்பும் வழியில் கேட்டேன்.

"அத்தை, நான் சுருதி விட்டுட்டனா?"

"இல்லடி. சரியாத்தான் பாடுன."

நான் நம்பவில்லை. சரியாகப் பாடினால் எதற்கு அழுகிறார்கள்? வீட்டுக்குப் போனதும் முற்றத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகினேன். கூடத்தில் பெரியப்பா காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. காப்பி ஆடை கட்டும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பாட்டு அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாகப் பாடினேன்.