பாலாமணியின் மூன்று கூடைகள்

11-8-1968 — 23
18-8-1968 — 41
25-8-1968 — 19
1-9-1968 — 26
8-9-1968 — எண்ணவில்லை
15-9-1968 — 22
22-9-1968 — 35
29-9-1968 — 48
6-10-1968 — 57
13-10-1968 — 69
20-10-1968 — 77
27-10-1968 — 83
3-11-1968 — 89

பாலாமணியின் நோட்டில் முதல் பக்கத்து எண்கள் இவ்வளவுதான். இடது பக்கம் ஞாயிற்றுக்கிழமைகள். வலது பக்கம், எஸ்டேட் ஆஸ்பத்திரியின் தொண்ணூற்றாறு மருந்துகளில் அன்றைக்குப் பாராமல் சொல்ல முடிந்தவை.

அவள் 1930இல் கீழ் கோத்தகிரிச் சரிவில் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடு ஒன்றில் பிறந்தாள். பெற்றோர் தாராபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள். எஸ்டேட் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தாள். பதினான்கு வயதில் கொழுந்துக் கூடை முதுகில் ஏறியது. 1961இல் கணவன் மஞ்சள்காமாலையில் போனான், பிள்ளை இல்லை. 1968 ஜூன் 19, புதன்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் நனைந்த பாறை ஒன்று அவள் காலை வாரிவிட்டது. கட்டுப் பிரித்தபோது இடது முழங்கால் சமதரையில் நின்றது. சரிவில் நிற்க மறுத்தது.

எஸ்டேட்டில் வேலை இல்லாதவருக்கு வீடும் இல்லை. ஆகஸ்ட் மாதம் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. நவம்பர் முப்பது வரை எடைக் கொட்டகையில் உட்கார்ந்து, பறித்து வரும் கொழுந்திலிருந்து முத்தல் இலை பொறுக்கலாம். ஆஸ்பத்திரிக்கு உதவியாள் ஒருவர் தேவைப்படுகிறது. மருந்துகளைக் கற்று, குன்னூரிலிருந்து வரும் டாக்டரம்மாவின் பரீட்சையில் தேறினால் அந்த வேலை பாலாமணிக்கு. தேறாவிட்டால் டிசம்பர் முதல் தேதி வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும்.

வீடு என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. கிழக்கே ஒரு சன்னல். விடியலில் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து, சன்னலில் சற்று நின்று, உள்ளே நுழைந்து பாத்திரங்களின் மேல் படியும். அவள் பிறந்ததும் வாழ வந்ததும் ஒரே லைனில்தான். எட்டு வீடு தள்ளி. தாராபுரத்தை இரண்டே முறை பார்த்திருக்கிறாள். இரண்டு முறையும் வெயிலில் தலை சுற்றியது.

கம்பவுண்டர் அம்புரோஸ் நல்ல மனிதர். தொண்ணூற்றாறு மருந்துகளையும் நான்கு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தார். பெயர், எதற்கு, பெரியவருக்கு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு.

“தெனமும் பத்துத் தடவை மேலிருந்து கீழ வரைக்கும் சத்தமாப் படிம்மா. ஜெபமாலை மாதிரி. தன்னால நாக்குல ஏறிரும்” என்றார்.

ஏறியது. சோறு வேகும்போதும், குழாயடியிலும், முத்தல் பொறுக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கயோலின், சோடா பைகார்ப், ஜென்ஷன் வயலட், பெல்லடோனா. யாரோ தூரதேசத்து உறவுக்காரர்கள் வரிசையாகப் பனிக்குள் நடந்து போவது போலிருக்கும். கூப்பிட்டால் ஒருவரும் திரும்பமாட்டார்கள். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி நாற்பத்தொன்று வந்தது. வாய் இனித்தது.

மறுநாள் அம்புரோஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, “முப்பத்தேழாவது என்ன?” என்று கேட்டார்.

பாலாமணி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து தொடங்கினாள். காது வலிக்கு மருந்து வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டு மூக்கம்மா திண்டில் உட்கார்ந்து, முப்பத்தேழு வரும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

“ஏனுங்க கம்பவுண்டரு, காச்சக்காரன் வந்தா முப்பத்தாறு மருந்தத் தாண்டித்தான் அவன் மருந்துக்கு வரோணுமா? அதுக்குள்ள அவனுக்குக் காச்சலே உட்டுப் போயிருமே” என்றாள்.

அம்புரோஸ் சிரித்தார். பாலாமணியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதாள். காய்ச்சல் வந்து ஐந்து நாள் தாளைத் தொடவில்லை. இருபத்தைந்தாம் தேதி எண்ணியபோது பத்தொன்பது. செப்டம்பர் எட்டாம் தேதி எண்ணவே மனம் வரவில்லை.

செப்டம்பர் 16, திங்கட்கிழமை, இரண்டாம் எடை நேரம். மேஸ்திரி காளிமுத்துவுக்கு அன்றைக்கு இரண்டு பக்கமும் அடி. நாலாம் நம்பர் காட்டுக்கு, பறித்த ஐந்தாம் நாளே மறுபடியும் ஆள் அனுப்பிவிட்டார். கூடைகள் அரையும் குறையுமாக வந்தன. ஒன்பதாம் நம்பருக்குப் போகும் மரப்பாலம் உடைந்ததால் அங்கே பதினாறு நாள் கழித்துத்தான் போக முடிந்தது, வந்ததெல்லாம் முத்தல். பாலாமணியின் முன்னால் முத்தல் குவிந்துகொண்டே போனது.

மூக்கம்மா கூடையை இறக்கினாள். “அஞ்சாம் நாளு போனா என்னத்தப் பறிக்கறது? செடி எங்களப் பாத்து, ‘இப்பத்தான வந்துட்டுப் போனீங்க’ங்குது.”

“வாய மூடு புள்ள. நாங் கணக்குல ஒரு ரவுண்டு தப்பீட்டேன்” என்றார் காளிமுத்து.

“மழைக்கு எட்டு நாளைக்கு ஒருக்காப் பறிக்கோணும், பனிக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா. இதுல என்ன பெரிய கணக்குங்க மேஸ்திரி? செடியக் கேட்டாலே சொல்லும்.”

பாலாமணியின் கை முத்தல் இலை மேல் அப்படியே நின்றது. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவிலிருந்து பனி இறங்கி, கொட்டகையின் தகரக் கூரையை மறைத்து, தராசை மறைத்து, மூக்கம்மாவின் முகத்தையும் பாதி மறைத்திருந்தது. அதற்குள் உட்கார்ந்து அவள் தன் நான்கு தாள்களை நினைத்துப் பார்த்தாள். தினமும் பத்துத் தடவை ஒரே காட்டுக்குள் நடந்திருக்கிறாள். நேற்றுச் சொன்னது இன்னும் நாக்கில் ஈரமாக இருக்கும்போதே மறுபடியும் போயிருக்கிறாள். பிறகு மொத்தமாக விட்டிருக்கிறாள், எல்லாம் முத்திவிட்டது. அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் தெரிந்தது. தாளைக் கண்முன் வைத்துக்கொண்டு படித்ததில் அவள் எதையும் பறிக்கவே இல்லை. வரப்பில் நின்று செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

அன்று மாலையே பழைய காலண்டர் தாள்களைத் தொண்ணூற்றாறு சீட்டாக நறுக்கினாள். முன்பக்கம் பெயர், பின்பக்கம் மற்றதெல்லாம். கொடியில் மூன்று சிறு கூடைகளைத் தொங்கவிட்டாள். மழைக்கூடைச் சீட்டுகளைத் தினமும் எடுப்பது. வெயில்கூடையை ஆறு நாளுக்கு ஒருமுறை. பனிக்கூடையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. புதுச்சீட்டு நாளுக்கு நாலு மட்டும், அதுவும் மழைக்கூடையில். கண்ணை மூடிக் கையை விட்டு ஒன்றை எடுப்பாள். பெயரைப் பார்த்து, பின்பக்கத்தைத் திருப்பாமலே சொல்லிப் பார்ப்பாள். வராவிட்டால் உடனே திருப்பமாட்டாள். சன்னலைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பில் பல சமயம் பதில் தானாக மேலேறி வந்தது. சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த கூடைக்குப் போகும். தவறிய சீட்டு, பனிக்கூடையிலிருந்து வந்ததானாலும், மழைக்கூடைக்குத் திரும்பிவிடும்.

மூக்கம்மா எட்டிப் பார்த்து, “கடைசில உன்னோட ஊடும் எடைக்கொட்டாயாப் போச்சா?” என்றாள்.

“முத்தல் இருந்தாச் சொல்லு, பொறுக்கிப் போடறேன்” என்றாள் பாலாமணி.

பத்து நாளில் மருந்துகள் வரிசையைக் கலைத்துவிட்டுத் தனித்தனியாக நடமாட ஆரம்பித்தன. பெல்லடோனா வயிற்றுவலிக்காரி, குழாயடியில் குனிந்தபடி குடம் தூக்குவாள். ஜென்ஷன் வயலட் மாலையில் கோடநாட்டு முனைக்கு மேல் வானத்தில் வந்து நிற்கும். கயோலின் என்று நினைத்தால் பனியே வெள்ளைக் களிம்பாகப் பள்ளத்தில் படியும். வழியில் யாரைப் பார்த்தாலும் ஒரு மருந்து கூட நடந்தது. உறங்கி எழும்போது ஏதாவது ஒரு பெயர் தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்கு எத்தனை அவுன்ஸ் என்பதும் கூடவே இருக்கும்.

நவம்பர் 6, புதன்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு டாக்டரம்மா வந்தார். அலமாரிக்குத் துணியால் திரை போட்டார்கள். அவர் வரிசையாகக் கேட்கவில்லை. நடுவில், கடைசியில், மறுபடி நடுவில் என்று தாவினார். பாலாமணி ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடினாள். அரைமணி நேரம் பதில்கள் ஒவ்வொன்றாகப் பனியை விலக்கிக்கொண்டு வந்தன. இபிகாக் என்றபோது மட்டும் பனி விலகவில்லை.

“தெரியாதுங்க டாக்டரம்மா. அந்தச் சீட்டுக்கு நாளான்னிக்குத்தானுங்க மொறை.”

“எந்தச் சீட்டு?”

அம்புரோஸ் இருமினார். பாலாமணி மூன்று கூடைகளையும் பற்றிச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மேசை மேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

“சரி. நீங்க தனியா இருக்கீங்க. ஒரு கொழந்தையத் தூக்கிட்டு வர்றாங்க. இந்த மருந்துதான் குடுக்கணும், அளவு மறந்துபோச்சு. என்ன பண்ணுவீங்க?”

“குடுக்கமாட்டனுங்க. ‘இருங்க’ன்னு சொல்லி உக்கார வெச்சுட்டு, கம்பவுண்டரக் கூட்டியாரப் போவனுங்க.”

“கால் வலிக்குமே.”

“வலிக்குமுங்க.”

டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டார். ஒரு டம்ளர் டீ குடித்தார். தேறினாளா இல்லையா என்று சொல்லாமல் ஜீப்பில் ஏறினார்.

பதினோராம் தேதி மழை பிடித்தது. கோத்தகிரிச் சாலையில் மண் சரிந்து பஸ் நின்றது. தபால் பையும் நின்றது. பாலாமணி தட்டுமுட்டுச் சாமான்களை ஒரு சாக்கில் கட்டி மூலையில் வைத்தாள். கூடைகளை மட்டும் கட்டவில்லை. பரீட்சை முடிந்துவிட்டது, இனி யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் மழைக்கூடைச் சீட்டுக்குத் தினமும் முறை வந்தது, வெயில்கூடைக்கு ஆறாம் நாள் வந்தது. இபிகாக் இரண்டு முறை சரியாக வந்து பனிக்கூடைக்குப் போய்விட்டது. இருபத்தேழாம் தேதி, இனிப் பதினைந்து நாளைக்கு எடுக்க வேண்டாத பனிக்கூடைச் சீட்டுகளே மிச்சம் என்று பார்த்தாள். அவற்றின் முறை வரும்போது இந்தச் சன்னல் தன்னுடையதாக இருக்குமா என்று நினைத்துக்கொண்டு, பனி உள்ளே வந்து சாக்கின் மேல் படிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் அவள் இருபது வருடம் வேலை பார்த்தாள். அலமாரியில் புதுப்புட்டி வரும்போதெல்லாம் ஒரு புதுச்சீட்டு நறுக்கினாள். ஓய்வு பெற்றபோது இருநூற்றுப் பதினான்கு இருந்தன. அளவு மாற்றிக் கொடுத்த மருந்து என்று ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒன்றுகூட இல்லை. ஆனால் நோட்டின் முதல் பக்கத்தில், எண்பத்தொன்பதுக்குக் கீழே, இன்னொரு வரி உண்டு. அந்த நவம்பரில் சாலை திறந்த அன்று, ஆபீஸ் முத்திரையோடு வந்த கடிதத்தைத் தபால்காரர் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ‘ஆஸ்பத்திரி உதவியாள், டிசம்பர் முதல் தேதி முதல், வீடு இப்போதுள்ளதே’ என்று அதில் இருந்ததை அவள் இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு சாக்கை அவிழ்த்து அடுப்பை மூட்டிவிட்டு, நோட்டை எடுத்தாள். எண்ணுக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டு, தேதியை மட்டும் எழுதினாள்.

28-11-1968, வியாழக்கிழமை.