துணிப்பந்து

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் பழந்துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை உதைத்து விளையாடுவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் புதுக் கால்பந்து ஒன்று கொண்டுபோனேன். நியாய வணிக முத்திரை பதித்த பந்து. தைத்தவர்களுக்குச் சரியான கூலி கொடுத்தார்களா, சிறுவர்களை வேலை வாங்கினார்களா என்றெல்லாம் விசாரித்தே வாங்கியிருந்தேன்.

முதல் உதையிலேயே பந்து லயத்து வாசலைத் தாண்டியது. சரிவில் துள்ளித் துள்ளிப் போய்த் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தது. சிறுமி தர்ஷினி அதன் பின்னாலேயே ஓடினாள். செடிக்குள்ளிருந்து புகைபோல ஏதோ எழுந்தது.

“குளவி! ஓடாத புள்ள, அப்புடியே படு!”

கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்த அவள் அம்மாவின் குரல் அது. எனக்குக் கால் அசையவில்லை. அந்த இரைச்சல் மட்டும் காதுக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. அம்மாவோ இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்தபடி ஓடினார். அதை மகள்மேல் போர்த்தி, அவரும் மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

அவர் பிழைப்பாரா என்று தெரியாமல் அன்று முழுக்க ஆஸ்பத்திரியிலேயே காத்திருந்தேன். பிழைத்தார். முகம்தான் அடையாளம் தெரியாதபடி வீங்கியிருந்தது. கட்டிலருகே நின்ற தர்ஷினியிடம், “பந்து போனா போகட்டும்னு விட்டிருக்கலாமேம்மா” என்றேன்.

“நீங்க குடுத்ததாச்சேன்னு ஓடுனேங்க. துணிப்பந்துன்னா அங்கிட்டெல்லாம் உருண்டு போகாது. அதுனாலதாங்க நாங்க அத வச்சி வெளாடுறது.”

பந்தைத் தைத்தவர்களைப் பற்றி அத்தனை விசாரித்தேன். உதைக்கப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் எங்காவது பந்து துள்ளும் சத்தம் கேட்டால், அடுத்து அந்த இரைச்சல் வருமோ என்று நெஞ்சு படபடக்கிறது.