காலி வீட்டு வியாழக்கிழமைகள்

மார்ஷ்கேட் நகரசபை வேலையிலிருந்து டோரீன் பாட்டெண்டன் ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருஷமாகிறது. இன்றைக்கும் வியாழக்கிழமை விடிந்தால் அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. எங்கோ போயாக வேண்டும், யாரோ காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மனசு அரிக்கும். அப்புறம்தான் நினைவு வரும், அந்த வீடும் இல்லை, அந்த வியாழக்கிழமைகளும் இல்லை என்று.

அவள் அந்தக் கடலோர ஊரிலேயே பிறந்தவள். அப்பா பிரான்சுக்குப் போய்வரும் கப்பலில் சமையல்காரர். பதினாறு வயசில் படிப்பை விட்டுவிட்டுக் கடற்கரை ஓட்டலில் படுக்கை விரிக்கும் வேலைக்குப் போனாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு மறுபடி படித்து, முப்பத்தாறு வயசில் சமூகப் பணியாளர் ஆனாள். அவள் சேர்ந்த மூன்றாம் வருஷம் துறைமுகத்து லாரிகளிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். கொசோவோ, ஆப்கானிஸ்தான், எரித்திரியா. பதினாலு பதினைந்து வயசு, கூட அப்பா அம்மா இல்லை. தஞ்சம் கேட்டு வந்த அவர்களை நகரசபை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பார்த்துக்கொண்டது. பதினெட்டு வயசானதும் ஓர் அறையும் சாவியும் கொடுத்துத் தனியே அனுப்பிவிடும்.

அப்படி அனுப்பிவைக்க உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் டோரீன் சிரிப்பாள். "ரெண்டு மணி நேரம் கிளாஸ் எடுத்தாங்க. அதுல முக்கால் மணி நேரம் டீ."

லுவாம் எரித்திரியாவிலிருந்து வந்த பெண். பெரில் என்ற வளர்ப்புத்தாயின் வீட்டில் மூன்று வருஷம் வளர்ந்தாள். 2004 நவம்பரில் பதினெட்டு முடிந்தது. டோரீன்தான் அவளைக் காரில் ஏற்றிப் போய், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் விட்டாள். சாவிகளைக் கையில் கொடுத்தாள், குப்பை எந்தக் கிழமை எடுப்பார்கள் என்று சொன்னாள், படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். 'தனியாக வாழத் தகுதி உண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். எல்லாம் இருபத்தைந்து நிமிஷம். "இனிமே நீயே பாத்துக்கணும், சரியா கண்ணு?" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்க ஓடினாள்.

இரண்டு வாரம் கழித்து ஏதோ ஒரு கடிதத்தைக் கொடுக்கப் போனாள். சாயங்காலம் நாலு மணி, நவம்பரில் அதற்குள் இருட்டிவிடும். லுவாம் கோட்டும் தொப்பியுமாகக் கதவைத் திறந்தாள்.

"எங்கயாவது கெளம்பிட்டியா?"

"இல்ல மிஸ். வீட்லதான் இருக்கேன்."

"அப்ப லைட்டப் போடேன்."

"அது முடிஞ்சிருச்சு மிஸ்."

"எப்போ?"

"வந்த மூணாம் நாள்."

டோரீன் உள்ளே எட்டிப்பார்த்தாள். "பதினோரு நாளா இருட்டுலயா இருக்க? எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

லுவாம் அவளை வினோதமாகப் பார்த்தாள். "பதினெட்டு வயசானா இவ்வளவுதான் குடுப்பாங்க போலன்னு நெனச்சேன். நீங்கதானே நீயே பாத்துக்கன்னு சொன்னீங்க?"

மூலைக்கடையில் காசு கட்டி ஒரு நீலப் பிளாஸ்டிக் சாவியில் ஏற்றி, மீட்டரில் செருகினால்தான் அந்த அறையில் மின்சாரம் வரும். அந்தச் சாவியை லுவாம் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள், கதவுக்கு மாற்றுச் சாவி என்று நினைத்து. அதைத் தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டியபோது டோரீன் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த டிக்கைப் போட்டது அவள் கை.

மறுநாள் மேலாளர் கிளைவின் அறைக்குப் போய் நின்றாள். "பார்க் தெருவுல நம்ம ஃப்ளாட் ஒண்ணு காலியாக் கெடக்கு. எனக்குக் குடுங்க. நம்ம ஆளுங்களுக்குப் பயிற்சி நடத்தணும்."

"காலி வீட்லயா? நாற்காலி கெடையாது, ஹீட்டர் கெடையாது. டீ பிஸ்கட் யாரு குடுப்பா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க கிளைவ். அதுதான் பயிற்சியே."

கிளைவுக்குப் புரிய மூன்று மாதம் பிடித்தது. வசந்தத்தில் சாவியைக் கொடுத்தார்.

வியாழக்கிழமைக்கு ஒரு சமூகப் பணியாளர். காலை பத்துக்கு டோரீன் அவரை உள்ளே விட்டு, கைபேசியை வாங்கிக்கொண்டு, அதே இருபத்தைந்து நிமிஷப் பேச்சைப் பேசிவிட்டுப் போய்விடுவாள். மீட்டரில் காசு இருக்காது. மேசையில் நாலு கடிதங்கள், எல்லாம் எரித்திரியாவின் திக்ரிஞா மொழியில். டோரீன் கேட்டதும் ஒத்துக்கொண்டு எழுதியவள் லுவாம். அரசாங்கக் கடிதம் போலத் தெரிய வேண்டுமென்றே முத்திரை மாதிரியெல்லாம் வரைந்து வைப்பாள். வெளியே போகலாம், கடையில் கேட்கலாம், அக்கம்பக்கத்தில் உதவி கேட்கலாம், தடையில்லை. நாலு மணிக்கு டோரீனும் லுவாமும் வந்து கதவைத் தட்டுவார்கள்.

ஆறாவதாக வந்தவர் நைஜல் டாப்செல். இருபது வருஷ அனுபவஸ்தர். "எனக்கே வீட்ல இருக்கக் கத்துக்குடுக்கப் போறீங்களா?" என்று கிண்டலடித்துக்கொண்டே உள்ளே போனார். நாலு மணிக்குக் கதவைத் திறந்தபோது கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"இது ஏமாத்து வேலை டோரீன். படிக்கவே முடியாத லெட்டரக் குடுத்தா மனுஷன் என்ன பண்ணுவான்?"

லுவாம் மேசையைப் பார்த்தாள். மூன்று கடிதம்தான் இருந்தது. நாலாவதை நைஜல் மடித்து, கடகடவென்று ஆடிய ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்திருந்தார். அவள் அதை உருவி எடுத்து நிதானமாக வாசித்தாள்.

"உங்க தஞ்ச வழக்குக்கு இன்னிக்கு ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. வரலைன்னா முடிச்சுருவாங்களாம்."

நைஜல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முழுநாளும் என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டாள் லுவாம்.

"என்னத்தப் பண்றது... பக்கத்து வீட்டு டிவி சத்தத்தக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"பக்கத்துக் கதவத் தட்டியிருக்கலாமே?"

"கூச்சமா இருந்துச்சு."

"எனக்கும்தான்."

அன்றிலிருந்து நைஜல் மாறித்தான் போனார். புது வீட்டுக்குப் போகும் பிள்ளையோடு முதல் ராத்திரிச் சாப்பாடு சேர்ந்து சாப்பிடுவது, மீட்டரில் அவன் கையாலேயே சாவியைச் செருகச் சொல்வது, முதல் வாரம் தினமும் ஒரு தடவை எட்டிப்பார்ப்பது என்று டோரீன் வகுத்த முறைகளுக்கு அவரே அலுவலகத்தில் வக்கீலானார்.

எல்லாரும் அவர் மாதிரி இல்லை. ஒருத்தி வந்த வேலையை மறந்துவிட்டு, "நீ எப்படிம்மா வந்தே? லாரியிலயா, படகுலயா?" என்று லுவாமைக் குடைந்தாள்.

லுவாம் முகம் சுளிக்கவில்லை. "அதச் சொல்ல நான் வரல. நான் பல்பு பத்திப் பேச வந்தேன்" என்றாள்.

அந்த பதிலை டோரீன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். வெளியூர்க் கூட்டம் ஒன்றில், பெருமை தாங்காமல், லுவாமின் பெயர், பதினோரு நாள் இருட்டு எல்லாவற்றையும் மேடையிலேயே சொல்லிவிட்டாள். கேள்விப்பட்டு லுவாம் நேரே டோரீன் வீட்டுக்கு வந்தாள். "என்னைக் கேக்காம ஏன் சொன்னீங்க? அது என் வீடு, என் இருட்டு." போய்விட்டாள். பத்து மாதம் பேச்சில்லை. மன்னிப்புக் கேட்டு டோரீன் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. கடைசியில் ஒரு நாள் போன் வந்தது. "மிஸ், பாய்லர்ல தண்ணி சொட்டுது. எந்தக் குழாய மூடணும்?" டோரீன் ஸ்பானரோடு ஓடினாள். குழாயை மூடிய பிறகும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வியாழக்கிழமை லுவாம் புதுக் கடிதங்களோடு வந்து நின்றாள்.

ஏழு வருஷம் நடந்தது அந்தப் பயிற்சி. டோரீனின் ஆயுளில் அவை நல்ல வருஷங்கள். நாலரை மணிக்கு மீட்டரில் சாவியைச் செருகுவார்கள், விளக்கு எரியும். லுவாம் பையிலிருந்து இஞ்செரா என்ற புளித்த மாவுத் தோசையையும் உறைப்பான மாட்டுக்கறிக் குழம்பையும் எடுத்து ஒரே தட்டில் வைப்பாள். பயிற்சிக்கு வந்தவர், சாக்கு சொல்லிக்கொண்டு வந்துசேரும் நைஜல், சில நாள் கிளைவ்கூட, தரையில் சம்மணமிட்டுக் கையால் சாப்பிடுவார்கள். சட்டையில் சிவப்பு எண்ணெய் சொட்டும். அப்புறம் காப்பி, அவள் ஊர் வழக்கப்படி மூன்று தரம் கொதிக்கவைத்து மூன்று சுற்று.

"ஒரு சுத்து போதும்மா, பஸ்ஸு போயிரும்" என்பார் நைஜல்.

"மூணு குடிக்காமப் போனா அது சண்ட போட்டுட்டுப் போறதுக்குச் சமம் சார். அடுத்த பஸ்ல போங்க."

2012இல் ஒரு குடும்பத்துக்குக் குடியிருக்க அந்த ஃப்ளாட் தேவைப்பட்டது. நியாயம்தான், டோரீன் எதிர்க்கவில்லை. பயிற்சி அலுவலகக் கூடத்துக்குப் போனது, அங்கிருந்து கணினித் திரைக்குள் போனது. நாற்பது நிமிஷம், முடிவில் பத்துக் கேள்வி. மறுவருஷம் அவள் ஓய்வுபெற்றாள். லுவாம் லீட்ஸில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், முதியோர் இல்லமொன்றில் சமையலறைப் பொறுப்பு.

ஃப்ளாட்டை ஒப்படைப்பதற்கு முன் கடைசி நாள், டோரீனும் லுவாமுமாக அந்த வீட்டைக் கழுவித் துடைத்தார்கள். வரப்போகும் குடும்பத்தில் சின்னக் குழந்தை இருப்பதாகக் கிளைவ் சொல்லியிருந்தார். துடைத்து முடித்ததும் லுவாம் ஒரு தாளை எடுத்து, வீட்டின் குழாய், மீட்டர், குப்பைக் கிழமை எல்லாவற்றையும் படமாக வரைந்தாள்.

"அவங்க எந்த ஊருன்னே தெரியாதே, எந்த பாஷையில எழுதப்போற?" என்றாள் டோரீன்.

"அதான் படமா வரையறேன். தள்ளி உக்காருங்க மிஸ், வெளிச்சத்த மறைக்கிறீங்க."