கடல்காத்தின் மேல் விழுந்த பழி

ஏரல் கடைத்தெருவில் அப்பாவின் கருப்பட்டிக் கடையில் மந்திரமூர்த்தியை வைத்து மேய்க்க முடியவில்லை. "இது மண்ணு கலந்த சரக்கு அண்ணாச்சி, அங்கன பக்கத்துக் கடையில வாங்குங்க" என்று வந்த ஆளுக்கெல்லாம் புத்தி சொன்னான். அப்பா கையெடுத்துக் கும்பிட்டுத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. ஒரு பஞ்சாலை ஆபீஸில் அவனுக்கு வேலை கிடைத்தது. அங்கே பம்பாயிலிருந்து வாடகைக்கு வந்த மிஷின் ஒன்று, துளை போட்ட அட்டைகளை விழுங்கிக் கணக்கைக் கூட்டி அச்சடித்துத் தரும். அட்டைகளைத் துளைப்பது தனராஜ். மிஷினுக்கு ஊட்டுவது மந்திரமூர்த்தி. ஒவ்வொரு ஓட்டத்தையும் லாக் புக்கில் எழுதுவதும் அவன்தான்: என்ன கணக்கு, முடிந்ததா, நின்றதா, நின்றால் ஏன்.

'ஏன்' என்ற கட்டத்தில்தான் அவனுக்குக் கை துறுதுறுக்கும். ஒருநாள், "மானேஜர் பொடி போட்டுத் தும்மியதால் நின்றது" என்று எழுதினான்.

மானேஜர் சுதர்சனம் கொதித்துப்போனார். "என்ன ஓய் இது?"

"நடந்ததைத்தானே சார் எழுதச் சொன்னீங்க?"

"என் மூக்கையா எழுதச் சொன்னேன்?"

ஆனாலும் அந்தப் புத்தகத்தில் இருப்பது அவருக்கு வேதம்.

சித்திரை மாதத்தில் வந்தது வினை. கப்பலில் ஏற்ற வேண்டிய நூல் பொதிகளின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மானேஜர் இல்லாத நேரம் பார்த்துத் தனராஜ் அவரைப்போல் வயிற்றைத் தள்ளி நடந்து காட்டினான். சிரித்த சிரிப்பில் மந்திரமூர்த்தி ஒரு கட்டு அட்டையைத் தலைகீழாகச் செருகிவிட்டான். மிஷின் அதைச் சவைத்துத் துப்பியது. கணக்கு முடியாததால், சரக்கைக் கப்பலுக்குக் கொண்டுபோக வந்த தோணிகள் கரையிலேயே காத்துக் கிடந்தன.

வேலை போய்விடும் என்ற பயத்தில், "கடல்காத்து ஈரத்தில் அட்டை உப்பியது" என்று எழுதிவைத்தான்.

மானேஜர் படித்தார். மறுநாளே தச்சரைக் கூப்பிட்டு ஜன்னல்களையெல்லாம் ஆணியடித்து அடைத்தார். அட்டை பறக்கும் என்று விசிறியும் கிடையாது. மூன்று பேரும் புழுக்கத்தில் வெந்துபோனார்கள்.

"உள்ளதச் சொல்லிரும் அண்ணாச்சி. காத்து என்ன பாவம் செஞ்சுது?" என்றான் தனராஜ்.

"சொன்னா நான் ஊருக்குப் போவணும்லே. கருப்பட்டி விக்க நீ வாரியா?"

பழைய பொய்யைத் தொடாமல், அதற்குப் பிறகு நின்றதையெல்லாம் மந்திரமூர்த்தி ஒளிவுமறைவு இல்லாமல் எழுத ஆரம்பித்தான். "நின்றது: தனராஜின் வேர்வை சொட்டி அட்டை ஒட்டிக்கொண்டது." "நின்றது: என் வேர்வை." வெள்ளிக்கிழமை, "நின்றது: மானேஜர் குனிந்து பார்த்தபோது அவர் வேர்வை."

சுதர்சனம் கோட்டும் தலைப்பாகையுமாக நின்று அதைப் படித்தார். திட்ட வாயெடுத்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு நேராக லாக் புக்கின் மேல் விழுந்து மையைக் கரைத்தது.

"திறந்து தொலையும் ஓய்!"

தனராஜ் சுத்தியலோடு ஓடினான். ஜன்னல் திறந்ததும் மானேஜர் முதன்முறையாகக் கோட்டைக் கழற்றி, சட்டை முதுகில் ஒட்டியிருக்க, காற்று வரும் பக்கமே கண்ணை மூடி நின்றார். பிறகு மூவருக்கும் நன்னாரி சர்பத் வாங்கிவரச் சொன்னார்.

"இதை லாக் புக்கிலே எழுதித் தொலைக்காதேயும்" என்றார்.

மந்திரமூர்த்தி வாயில் சர்பத்தோடு தலையை மட்டும் ஆட்டினான்.