ஆம்ப்ரோஸ் வாயை மூடிக்கொண்ட நாள்

கூஸ்நெக் ஏரியில் எந்தப் பாறைக்கடியில் எந்த மீன் கிடக்கும் என்று ஆம்ப்ரோஸ் பாலன்டைனுக்குத் தெரியும். வாயை எப்போது மூட வேண்டும் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. விடுதிக்கு வரும் விருந்தாளிகளைப் படகில் ஏற்றிப் போய் மீன் பிடிக்க வைத்து, மதியம் அதே மீனைக் கரையில் பொரித்துப் போட்டு, சாயங்காலம் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது அவன் தொழில். ஏரியில் ஐஸ் உடைந்ததிலிருந்து இலை மஞ்சளாகும் வரைக்கும் இதுதான் பிழைப்பு. மற்ற மாதங்களில் முயலுக்குக் கண்ணி வைப்பான், மனைவி மேவிஸிடம் திட்டு வாங்குவான். விடுதியின் மற்ற படகுக்காரர்களைப் போல அவனும் அந்த ஏரிக்கரைப் பழங்குடி. ஐம்பதைத் தொட்ட ஆள். முன்பல் ஒன்று கிடையாது. அந்த ஓட்டையை அடைத்தால் பாதி நக்கல் நின்றுவிடும் என்பது விடுதிச் சமையற்கட்டில் வேலை பார்க்கும் மேவிஸின் கணக்கு.

அந்தக் கோடையில் அவன் மேல் அடுத்தடுத்து இரண்டு புகார் வந்தன. முதலாவது, நகரத்திலிருந்து விலை உயர்ந்த தூண்டிலோடு வந்த ஓர் இளைஞன் கொடுத்தது. அவன் வீசுகிற ஒவ்வொரு வீச்சும் கரையோரத்து மரங்களில் போய் மாட்டியது. ஆம்ப்ரோஸ் பொறுமையாக ஏறி ஏறி எடுத்துக் கொடுத்தான். கடைசியில், "தம்பி, மீன் தண்ணிக்குள்ள இருக்கு. மரத்துல இருக்கிறது அணிலு. அதுக்கு நீ வேற லைசென்ஸ் வாங்கணும்" என்றான். இரண்டாவது, ஒரு பெருத்த வக்கீல். மிதவைச் சட்டைக்குப் பொத்தான் போட முடியாமல் தவித்தவரிடம், "விடுங்க, உங்களுக்கு எதுக்கு அது? ஏரியே கவுந்தாலும் நீங்க மிதப்பீங்க" என்றிருக்கிறான். இருவரும் வீட்டுக்குப் போய் இணையத்தில் விடுதிக்கு ஆளுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்கள்.

விடுதியின் முதலாளி ஜானிஸ் ஹால்வர்சன் இரண்டு கோடைக்கு முன்தான் அந்த இடத்தை வாங்கியிருந்தாள். நல்லவள்தான். ஆனால் நட்சத்திரத்தை நினைத்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவள். ஆம்ப்ரோஸைக் கூப்பிட்டு நிற்க வைத்தாள்.

"இன்னும் ஒரே ஒரு புகார் வந்தாலும் உங்க படகை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். நீங்க விறகு வெட்டலாம், குப்பை அள்ளலாம்."

"சரிங்க மேடம்."

"நாளைக்கு எல்வுட் சார் வர்றாரு. தெரியும்ல? அவரு வீட்டம்மா பனிக்காலத்துல தவறிட்டாங்க. பாவம், தனியா வர்றாரு. அவருகிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கிண்டலா வரக்கூடாது."

"சரிங்க மேடம்."

படகு போய்விட்டால் ஆம்ப்ரோஸுக்கு ஒன்றும் மிச்சமில்லை. விறகு வெட்ட அவனுக்குக் கை இருக்கிறது, மனசு இல்லை. அந்த ஏரியை விட்டு ஒரு கோடை கரையில் நின்றாலும் செத்துப்போவான். அதை அவனே மேவிஸிடம் சொன்னான். "அப்ப நாளைக்கு வாயில ஒரு உருளைக்கிழங்க வச்சிக்கிட்டுப் போய்யா" என்றாள் அவள்.

எல்வுட் ப்ரோகா அயோவாவில் பன்றிப் பண்ணை வைத்திருந்தவர். எழுபது தாண்டியாயிற்று. ஒவ்வொரு கோடையிலும் மனைவி லொரேனோடு வந்து ஆம்ப்ரோஸ் படகில்தான் உட்காருவார். அந்தம்மாவும் ஆம்ப்ரோஸும் கூட்டு சேர்ந்துகொண்டு அவரை நாள் முழுக்க வறுத்தெடுப்பார்கள். இந்த முறை ஏரித் தண்ணீரில் வந்திறங்கிய சின்ன விமானத்திலிருந்து அவர் மட்டும் இறங்கினார். தலையில் புதுத் தொப்பி. அகலமான விளிம்பு, அதிலிருந்து கழுத்து வரை தொங்கும் கொசுவலை. அசல் தேன் எடுக்கப் போகிறவன் தோற்றம்.

ஆம்ப்ரோஸுக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க ஐயா, பாத்து இறங்குங்க" என்றான்.

எல்வுட் வலையைத் தூக்கிவிட்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்தக் காலை ஆம்ப்ரோஸின் வாழ்க்கையிலேயே மிக நீண்ட காலை. எல்வுட்டின் முதல் வீச்சு முன்னால் போகாமல் படகுக்குப் பின்னால் விழுந்தது. "நல்ல வீச்சுங்க ஐயா" என்றான். இரண்டாவது வீச்சில் தூண்டில் முள் ஆம்ப்ரோஸின் சட்டை முதுகிலேயே மாட்டியது. "பரவாயில்லைங்க ஐயா" என்று கழற்றிக் கொடுத்தான். ஒரு பிக்கரல் மீன் படகருகே வந்து நழுவியபோது, "அடுத்தது வருங்க ஐயா" என்றான். உள்ளே எத்தனையோ வார்த்தைகள் முட்டிமோதின. தாடை வலித்தது. மதியத்துக்கு வேண்டிய மீனைக் கடைசியில் அவனே பிடித்தான். அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

தட்டைப் பாறைத் தீவில் படகைக் கட்டினான். துடுப்பைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே மீனை அரிந்தான். வாணலியில் பன்றிக்கொழுப்பு உருகியது, உருளைக்கிழங்கும் வெங்காயமும் விழுந்தன. மாவில் புரட்டிய மீனைப் போட்டு எடுத்து, நல்ல துண்டுகளாகப் பார்த்து எல்வுட்டின் தட்டில் வைத்து, "சாப்பிடுங்க ஐயா" என்று நீட்டினான்.

எல்வுட் தட்டை வாங்கிக் கல்லின் மேல் வைத்துவிட்டார்.

"நான் உனக்கு என்ன தப்பு பண்ணேன் ஆம்ப்ரோஸ்?"

"ஐயா?"

"காலையிலேருந்து ஐயா, ஐயா. இத்தனை வருஷத்துல என்னைக்காவது நான் உனக்கு ஐயாவா இருந்திருக்கேனா? உங்க ஜனங்க பிடிக்காதவனத்தான் கிண்டல் பண்ண மாட்டாங்கன்னு நீதான லொரேன்கிட்ட சொன்ன? அப்ப என்னைப் பிடிக்கலையா உனக்கு?"

ஆம்ப்ரோஸ் கரண்டியும் கையுமாக நின்றான்.

"ஊர்ல எல்லாரும் எங்கிட்ட ஆஸ்பத்திரியில பேசுற மாதிரி பேசுறாங்க. தேவாலயத்துக்காரங்க சோறு கொண்டாந்து வாசல்ல வச்சிட்டு ஓடுறாங்க. பெத்த பையன் குரலைத் தாழ்த்திக்கிட்டுப் பேசுறான். அவ போனதுலேருந்து என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டல, தெரியுமா? அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நீயும் இப்படிப் பண்ணிட்டியே."

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆம்ப்ரோஸுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதுதான் உண்மை. பிடித்தவரைக் காலை பூராவும் இப்படிக் கொன்றிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. படகு ஒருபக்கம், இந்த மனுஷன் ஒருபக்கம். ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு படகு எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று வாயைத் திறந்தான்.

"யோவ் மச்சான், மொதல்ல அந்தத் தொப்பியக் கழட்டு. கரடி பாத்துச்சுன்னா தேன் இருக்குன்னு பின்னாலயே வரும்."

எல்வுட் நிமிர்ந்தார்.

"பின்னால வீசுறியே, பின்னாடி ஏரி தெரியுதா உனக்கு? என் முதுகுல மாட்டினதுதான் இன்னைக்கு நீ பிடிச்ச பெரிய மீனு. தட்டுல இருக்கிறது நான் பிடிச்சது, வெக்கமில்லாம தின்னு." அணை உடைந்துவிட்டது, இனி அவனால் நிறுத்த முடியவில்லை. "லொரேன் செத்துட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. இன்னொரு கோடைக்கு உன் வீச்சைப் பாக்கணுமேன்னு பயந்து தப்பிச்சிருப்பா."

கொழுப்பு சடசடத்துக்கொண்டிருந்தது. எல்வுட் வாயைத் திறந்தபடி அவனையே பார்த்தார். போச்சு, படகு போச்சு, எல்லாம் போச்சு என்று ஆம்ப்ரோஸ் நினைத்தான்.

கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, அழுது அழுது சிரித்தார். "அவளே சொன்ன மாதிரி இருக்குடா" என்றார். அப்புறம் வாணலியைக் காலி பண்ணினார். பிற்பகல் முழுக்க ஏரியில் இருவர் சத்தமும் கேட்டது. ஒரு பெரிய ஜாக் மீன் எல்வுட்டின் தூண்டிலை இழுத்துக்கொண்டு அறுத்துப் போனபோது சத்தம் விடுதிவரைக்கும் வந்தது என்று மற்ற படகுக்காரர்கள் சொன்னார்கள்.

சாயங்காலம் படகு திரும்பியபோது, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஜானிஸ் துறைக்கு இறங்கி வந்து நின்றிருந்தாள்.

"எல்லாம் நல்லபடியா இருந்துச்சா சார்? ஆம்ப்ரோஸ் எதாச்சும் சொன்னாரா?"

"எதாச்சுமா? என் தொப்பியக் கேலி பண்ணான். என் வீச்சைக் கேலி பண்ணான். எங்க வீட்டம்மா செத்ததே என் தொல்லை தாங்காமத்தான்னு சொன்னான்."

ஜானிஸின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆம்ப்ரோஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான்.

"சார், நான் மன்னிப்பு..."

"இரும்மா. கிளம்புற வரைக்கும் எனக்கு இவன்தான் வேணும். காலைல இவன் வாயத் தைச்சு அனுப்பினது யாரு? எனக்குப் புகார் அதுதான். இந்த ஜனங்க மரியாதையாப் பேசினா, நம்மளத் தள்ளி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ரெண்டு கோடை இங்க இருக்க, இதுகூடத் தெரியாதா உனக்கு?"

கிழவர் தன் தொப்பியோடு படியேறிப் போய்விட்டார். ஜானிஸ் அங்கேயே நின்றாள். படகு கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்க்காமல் வேலை பார்த்தார்கள்.

"அப்ப என்னை ஏன் எல்லாரும் மேடம், மேடம்னு கூப்பிடுறீங்க?" என்றாள். குரல் சின்னதாக இருந்தது.

ஆம்ப்ரோஸுக்கு அவளைப் பார்க்கவே பாவமாகிவிட்டது. தொண்டையைச் செருமினான்.

"மேடம், உங்க காப்பி இருக்குல்ல..."

"என் காப்பிக்கு என்ன?"

"போன வாரம் நடு ஏரியில மோட்டாருக்கு எண்ணெய் தீந்துபோச்சு. பிளாஸ்க்ல இருந்த உங்க காப்பியத்தான் ஊத்தினேன். முன்னைக்கு இப்ப நல்லா ஓடுது."

ஜானிஸ் அவனை உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"விறகுக் கொட்டகையில கோடாலி இருக்கு ஆம்ப்ரோஸ். காலைல போய் எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி விறுவிறுவென்று நடந்தாள்.

ஆம்ப்ரோஸ் கயிற்றைப் பிடித்தபடி மரமாக நின்றான். மற்றவர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு அவனைப் பார்த்தார்கள். சமையற்கட்டு வாசலில் நின்ற மேவிஸுக்கு மட்டும்தான் ஜானிஸின் முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு வந்த ஜானிஸ், வாசலைத் தாண்டியதும் கதவில் சாய்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணிலிருந்து கொட்டியது சிரித்ததனால் மட்டும் வந்ததாக மேவிஸுக்குத் தோன்றவில்லை.

மேவிஸ் துறையைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், கயித்தக் கட்டுய்யா! மிதந்து போயிடப் போகுது. அது இன்னும் உன் படகுதான்!"